மொட்டைமாடியில் மஞ்சள் புடவை

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் வீட்டில், அவருடைய ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டிவிடுவோம். வண்டி ஓட்டும் ஹெல்மெட் இல்லை, கம்பெனிக்குள் போடுகிற மஞ்சள் ஹெல்மெட். அது தொங்கினால் தெருவே வாயைப் பொத்திக்கொள்ளும். குட்டியானை வண்டியில் காய்கறி கொண்டுவருகிறவர் மைக்கை அணைத்துவிட்டுத் தாண்டிப் போவார். கேஸ் போடுகிறவர் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிவந்து வைப்பார். ஊரையே கூட்டிவிடுகிற மீன்காரம்மாகூட எங்கள் கேட்டுக்கு வந்து, “மஞ்சுளா, நல்ல சங்கரா கீது, வோணுமா?” என்று ரகசியம் சொல்கிற மாதிரிக் கேட்பாள்.

யாரும் கூட்டம் போட்டுக் கொண்டுவந்த வழக்கம் இல்லை இது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு லைனில் நிற்கிறார். இந்த வாரம் என் வீட்டு ஹெல்மெட், அடுத்த வாரம் உன் வீட்டு ஹெல்மெட். மற்ற விஷயத்தில் குழாயடிச் சண்டை போடுகிற எங்கள் சனம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தங்கமாக இருந்தது.

ஆனால் ஆகாயத்தில் போகிறவனுக்குக் கேட்டில் தொங்குவது எப்படித் தெரியும்?

ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய நிலம் கிடந்தது. கம்பெனி வரப்போகிறது, எல்லோருக்கும் வேலை என்று சொல்லி வாங்கிய நிலம். கம்பெனி வரவில்லை, முள்ளுச்செடி வந்தது. அப்புறம் ஒருநாள் முள்ளை எடுத்துவிட்டு நீளமாகத் தார் போட்டார்கள். ரோடு போடுகிறார்கள் என்று நினைத்தோம். அது எந்த ஊருக்கும் போகாத ரோடு. சென்னையில் இருக்கிற வசதியானவர்கள் சின்ன விமானம் ஓட்டுவதற்கும், ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் ஒரு கிளப்.

முதல் வாரம் நாங்களே மாடியில் ஏறி நின்று கை காட்டினோம். என் மகள் பூஜா விமானம் பார்க்க வேண்டும், ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். இரண்டாவது வாரம் கையைக் காட்டிய நாங்களே காதைப் பொத்தினோம். கற்றுக்கொள்கிறவன் ஏறுவான், எங்கள் கூரைகளுக்கு மேல் திரும்புவான், இறங்கித் தரையைத் தொடுவான், தொட்ட கையோடு மறுபடியும் ஏறுவான். கிரைண்டரைத் தலைமாட்டில் வைத்து ஓட்டியது போல இருக்கும். காற்று இல்லாத காலை நேரம்தான் அவர்களுக்குத் தோது. என் வீட்டுக்காரர் புருஷோத்தமனுக்கும் அதுதான் தூங்குகிற நேரம்.

அவர் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். கார் கதவுக்கான தகடுகளை அடித்துத் தள்ளுகிற மெஷின். ஆர்டர் கூடிப்போனதிலிருந்து அவருக்கு நிரந்தரமாக நைட் ஷிப்ட். நானும் கல்யாணத்துக்கு முன்பு ஒரு லைனில் நின்றவள்தான், தூக்கம் என்றால் என்ன விலை என்று எனக்குத் தெரியும். அதனால் என் வீட்டில் குக்கர் வைக்கமாட்டேன், விசில் அடிக்கும் என்று. மிக்சியை அவர் எழுந்த பிறகுதான் போடுவேன். பூஜாவுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தபோதே கிசுகிசுக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டேன். எங்கள் அம்மா இறந்த சேதி ஒரு பகலில் வந்தது. அவர் எழுந்திருக்கும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதவள் நான்.

அப்படிக் காபந்து பண்ணின தூக்கத்தை எவனோ பொழுதுபோகாதவன் வந்து கலைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. அவர் கண்ணைத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். கோபம்கூடப் படமாட்டார்.

“வுடு மஞ்சு. பழகிடும்” என்பார்.

“எது பழவும்? நீ மெஷின்ல நின்னுகினு ஆடுறதா? போய்க் கேக்கறேன் நானு.”

“நம்ம பேச்ச எவன் கேப்பான்?”

கேட்கிறானா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று எதிர் வீட்டு லூர்து மேரியையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி, “ஆர்டர் இல்லாம உள்ள வுடமாட்டோம்” என்றார். அவரும் எங்கள் பக்கத்து ஊர்தான். நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். பெயர் இராமச்சந்திரன். சண்டைக்கு வந்தவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, “சொல்லுங்கம்மா” என்றார். எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே வீணாகப் போனது.

“வூட்டுக்காரரு பிரஸ்ல ஆபரேட்டருங்க. நைட்டு. பகல்ல பொட்டுத் தூக்கம் இல்ல சார் உங்களால.”

அவர் முகம் மாறியது. “நான் முப்பது வருஷம் ஃபேக்டரிதாம்மா நடத்தினேன். தூக்கமில்லாத ஆளைப் பிரஸ்ல நிறுத்தக் கூடாது” என்றார்.

அப்புறம் கையால் காற்றில் கோடு போட்டு விளக்கினார். ஒரு பக்கம் ஹைடென்ஷன் கரண்ட் கம்பிகள், அந்தப் பக்கம் திரும்ப முடியாது. ஊர்ப்பக்கம்தான் திரும்பியாக வேண்டும். ஊரை முழுக்க விட்டு விலக முடியாது, ஒரு வரிசை இரண்டு வரிசை தள்ளித் திரும்பலாம். எந்த வீட்டில் ஆள் தூங்குகிறார் என்று மேலிருந்து தெரிந்தால் அதை விட்டுப் போகச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்குக் கேட்டில் தொங்கும் ஹெல்மெட் ஞாபகம் வந்தது.

“மாடில மஞ்சளா ஒரு பொடவைய விரிச்சா தெரியுமா சார்?”

“நல்லாத் தெரியும்” என்றார்.

வெள்ளை மனசுக்காரர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு, சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை என்று விமானம் வாங்கியிருக்கிறார். எங்கள் சனத்துக்கு ஓய்வு பெற்ற பிறகு முட்டிவலிதான் வரும். அது அவருடைய குற்றம் இல்லை.

வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டு கட்டிய மஞ்சள் புடவை ஒன்று என்னிடம் இருந்தது. மறுநாள் என் வீட்டுக்காரர் படுத்ததும் அதை மாடியில் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். விமானம் ஏறியது. எங்கள் தெருவை நோக்கி வந்தது. வந்து, நடுவில் இறக்கையைச் சாய்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பிப் போயேவிட்டது. நான் கீழே ஓடி வந்து பார்த்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டையைக் கதவோரம் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மனுஷனின் குறட்டை அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எவளாவது சொன்னால் சிரித்திருப்பேன்.

அந்த நாட்களில் அவருடைய கன்னத்தில் சதை பிடித்தது. சாயங்காலம் பூஜாவை வண்டியில் வைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வருவார். எனக்கும் அவருக்கும் நடுவில் பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது.

ஆனால் எங்கள் கூரையை விட்டுப் போன சத்தம் எங்கே போகும்? பின்வரிசையில் சரோஜாக்கா வீட்டுக்கு மேலே போனது. சரோஜாக்கா எங்களுக்குத் தூரத்து உறவு. நேராக என் வாசலுக்கு வந்தாள்.

“ஏண்டி, உன் வூட்டு மேல மட்டும் பிளேன் போவாதாமே? நாங்க இன்னா தக்காளி தொக்கா?”

“ஆளு நைட்டு டூட்டிக்கா. தூங்குறாரு.”

“என் மருமவ பச்ச உடம்புக்காரி. கொயந்த தூக்கிவாரிப் போடுது. நானும் ஒண்ண விரிக்கறேன்.”

அது நியாயம். குழந்தைக்கு நான் எப்படி வேண்டாம் என்பேன்? விரித்தாள். சத்தம் அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. அங்கே பப்ளிக் பரீட்சை எழுதுகிற பெண் இருந்தாள். அடுத்த வீட்டில் ஒற்றைத் தலைவலி. அதற்கும் அடுத்த வீட்டில் சினை மாடு. ஒருவர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அப்புறம் ஒரு காரணமும் இல்லாதவர்களும் விரித்தார்கள். அவன் வீட்டுக்கு மரியாதை, என் வீட்டுக்கு இல்லையா என்பதுதான் காரணம். சரோஜாக்காவின் தம்பி பாபு மனை புரோக்கர், பகலில் வீட்டிலேயே இருக்கமாட்டான். அவன் மாடியில் ஒரு மஞ்சள் ஃப்ளெக்ஸையே ஆணி அடித்து வைத்தான். உன் வீட்டில் யாருடா தூங்குகிறார்கள், புறாவா என்று கேட்டேன். “புறாவும் உசுருதான்க்கா” என்று சிரித்தான்.

கேட்டில் ஹெல்மெட் மாட்டியபோது ஒருவர்கூட ஏமாற்றவில்லை. ஏனென்றால் தெருவில் நடந்து போகிறவன் எங்கள் ஆள், நாளைக்கு அவன் தூங்க நாங்கள் சத்தத்தை அடக்க வேண்டும். மேலே போகிறவன் எங்கள் ஆள் இல்லை. அவனை ஏமாற்றினால் பாவம் இல்லை என்று சனம் நினைத்துவிட்டது. நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன், திட்டவும் திட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தை பிறப்பதற்குள் ஊரே மஞ்சளாக ஆனது. வெயிலில் வெளுத்துப் போன பிறகும் எவரும் எடுக்கவில்லை.

இராமச்சந்திரன் சார் ஊருக்கே வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூடினோம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு பேசினார்.

“எல்லா வீட்டுலயும் விரிச்சா நாங்க எந்தப் பக்கம் திரும்புறது? நெஜமாத் தூங்குற வீட்டுல மட்டும் விரிங்க. மத்தவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க.”

“எடுக்கறம் சார். நீ மொதல்ல பிளேன எடு” என்றான் பாபு. கைதட்டினார்கள்.

“டேய், அந்தாளு ஒத்து வராரு, கெடுக்காத” என்று கத்தினேன்.

“நீ இன்னாக்கா அவுங்களுக்கு சப்போட்டு? உனக்கு இன்னா தராங்க?” என்றான்.

அந்த வார்த்தைக்கு அவனைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்காக அவர் தூங்காமல் எழுந்து வந்திருந்தார். ஒரு ஆள்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண் இரண்டும் செங்கல் பொடி போலச் சிவந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ராக்கெட்டைப் பாபுவும் அவன் கூட்டாளிகளும் ஒரு பைப்பில் சொருகி, தாழ்வாக வந்த விமானத்தை நோக்கிக் கொளுத்திவிட்டார்கள். அது இறக்கைக்குப் பக்கத்தில் வெடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தது கற்றுக்கொள்ளும் பெண். தடுமாறி, எப்படியோ இறக்கிவிட்டாள். போலீஸ் வந்தது. பாபுவை ஸ்டேஷனில் ஒருநாள் உட்காரவைத்து அனுப்பினார்கள். அவன் மாலை போட்டுக்கொள்ளாத குறையாகத் திரும்பி வந்தான்.

இராமச்சந்திரன் சார் எனக்குப் போன் செய்தார். “மன்னிச்சுக்கோங்கம்மா. கமிட்டியில இனிமே ஊரோட எந்தப் பேச்சும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. லைசென்ஸ்ல இருக்கிற வழியிலதான் போவாங்க. என் கையில இல்ல.”

லைசென்ஸில் இருக்கிற வழி எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்தது.

மறுபடியும் காலைதோறும் அதே சத்தம். என் வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்தார், தலையணைக்குக் கீழே தலையை வைத்தார். சமையல்கட்டில் என் பக்கத்தில் பாய் போட்டுப் பார்த்தார். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே கண் அசந்துவிடுவார், தட்டிலிருந்து ரசம் வழியும். ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். முடியாது என்றால் நின்றுகொள், வெளியே ஆள் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் லீவு போடுங்கள் என்றேன்.

“இந்த வாரம் முடியட்டும் மஞ்சு. அப்புறம் ரெண்டு நாளு எங்கியாச்சும் போயி தூங்கிட்டு வரலாம்.”

தூங்குவதற்கு ஊர் விட்டு ஊர் போகலாம் என்கிறார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

விடியும்போது இசக்கி போன் செய்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கி, அவரோடு அதே லைனில் நிற்கிறவன்.

“மதினி, பதறாதிய. அண்ணனுக்குக் கையில அடி பட்டுட்டு. ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க.”

பதறாதே என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பூஜாவை லூர்து மேரியிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் டார்கெட் முடிய வேண்டுமே, ஒரு பட்டனை அமுக்கியபடியே கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். லைனில் எல்லோரும் அப்படித்தான், கண்டும் காணாமல் இருப்பது சூப்பர்வைசருக்கும் வழக்கம். அன்றைக்கு அவர் தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார், அந்த நேரம் பார்த்து இன்னொரு கை பட்டனில் சாய்ந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்தவர் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் மெஷின்லயே தூங்கிட்டாரும்மா. எங்க பக்கம் ஒண்ணும் தப்பில்ல.”

கேபிள் டையைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேசினேன், அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் நின்றது. தூங்கிவிட்டார். பஞ்சு வைத்து, பாய் மாற்றி, என்னென்னவோ செய்தும் வீட்டில் வராத தூக்கம், போயும் போயும் அங்கே போய் வந்திருக்கிறது.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தெருவில் ஒருவரும் எதிரில் வரவில்லை. கதவிடுக்கில் பார்த்தார்கள். சரோஜாக்கா மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். திட்ட எனக்கும் தெம்பு இல்லை. இசக்கி அவருடைய பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தான். போகும்போது, பழக்க தோஷம், ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் காலை துணி உலர்த்த மாடிக்குப் போனேன். ஊரில் ஒரு மாடியிலும் மஞ்சள் இல்லை. யார் சொன்னார்களோ, அவர்களாகவே எடுத்தார்களோ தெரியாது. பாபுவின் ஃப்ளெக்ஸ்கூட இல்லை, ஆணிகள் மட்டும் இருந்தன. என் புடவை ஒன்றுதான், நாலு செங்கலோடு அப்படியே கிடந்தது. விமானம் ஏறி வந்தது. எங்கள் தெருவுக்கு வரும் முன்பே இறக்கையைச் சாய்த்து, பின்வரிசைக்கு மேலாகத் திரும்பிப் போய்விட்டது. அந்தப் பெரியவர் காதுக்குச் சேதி போயிருக்க வேண்டும்.

கீழே வந்தேன். அவர் கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“மாமா, பிளேன் திரும்பிடுச்சு. கண்ண மூடிக்கினு தூங்கு.”

“எதுக்கு மஞ்சு? ராத்திரி போறதுக்கு டூட்டியா கீது?”

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பூஜா மூலையில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்தின் பக்கத்தைக்கூடச் சத்தம் வராமல் திருப்பினாள். தெருவிலும் சத்தம் இல்லை, அடுத்த வீட்டு டிவி இல்லை, மீன்காரம்மாவின் குரல் இல்லை. இத்தனை வருஷம் நான் யார் யாரிடமோ கெஞ்சிக் கேட்ட அமைதி, ஒரு குறையும் இல்லாமல் வந்து வாசலில் நின்றது. எனக்கு மூச்சு முட்டியது.

வெளியே குட்டியானை வருகிற சத்தம் கேட்டது. மைக் இல்லை. எழுந்து கேட்டுக்குப் போனேன். காய்கறிக்காரர் கேட்டில் தொங்கும் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாக வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“அண்ணன் தூங்குறாராக்கா?” என்று கிசுகிசுத்தார்.

“தூங்கல. மைக்கப் போடு.”

அவர் தயங்கினார். எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

“எங்க வூட்ல எழவா வுழுந்துது? போடுன்றேன். நல்லா சத்தமா போடு.”

போட்டார். தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய், முருங்கைக்காய் என்று பதிவு பண்ணிய குரல் தெருவை அடைத்துக்கொண்டு கிளம்பியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று, நான் வாய்விட்டு அழுதேன்.